வெள்ளையாக இருந்த பாலடை

ஹுஸைஃபாவின் வலது கை தோள்பட்டை வரை ஹோட்டல் பின்வாசல் குப்பைத் தொட்டிக்குள் இருந்தது. நேற்றைய சாம்பார், ரம்புட்டான் தோல், அருவியில் குளித்தவர் எவரோ கழற்றி எறிந்த எண்ணெய்த் துண்டு என்று ஒவ்வொன்றாக அவன் விரல்களுக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்தன.

“வண்டிக்காரன் பாட்டுப் போட்டுட்டான்லே. சீக்கிரம்,” என்றாள் இராமலட்சுமி.

குப்பை வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் அவனுக்கும் கேட்டது. குற்றாலத்துச் சாரல் அவன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அவள் குடைக்குள் நின்றாள். குடை ஒரு ஆளுக்குத்தான் என்று வரும்போதே சொல்லியிருந்தாள்.

“அக்கா, துபாய்ல நான் அத்தர் கடையில நின்னவன். பெரிய பெரிய ஆளுங்க மணிக்கட்டை நீட்டுவாங்க. நான் ஒரே ஒரு சொட்டு வைப்பேன். அந்தக் கை இது.”

“அதே கைதான். இன்னும் கொஞ்சம் உள்ள விடு.”

விட்டான். ஏதோ கண்ணாடி தட்டுப்பட்டது. இழுத்தான். ஒரு பக்கம் கரி பிடித்து, விளிம்பில் விரிசல் விட்ட கண்ணாடிக் குவளை. அடியில் கொஞ்சம் மெழுகு. வெளியே பாதி எரிந்த லேபிள்: ‘மெழுகுப்பூ – பாலடை’.

வண்டி சந்துக்குள் நுழைந்தபோது, குவளை இராமலட்சுமியின் கைப்பைக்குள் போயிருந்தது. ஹுஸைஃபா, தொட்டிக்குச் சொந்தக்காரன் மாதிரி அதன் மேல் சாய்ந்து நின்றான். வண்டிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்களும் ஏறுதீங்களா?” என்று கேட்டார்.

இராமலட்சுமி பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரித்தவள். ‘தானா பிடிச்சுட்டு மேடம்’ என்று கண்ணீரோடு சொன்ன முதலாளிகள் எத்தனையோ பேரைச் சிரிக்காமல் பார்த்திருக்கிறாள். சாட்சியைக் குப்பைத் தொட்டியில் தேடுவது அங்கே கற்றது. இப்போது தென்காசியில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண மாப்பிள்ளை விசாரணை. ஹுஸைஃபா உதவியாளன். துபாயிலிருந்து திரும்பி வந்தவன் அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு மூக்கும் ஒரு வாயும்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் சம்பளம் என்று இராமலட்சுமி அடிக்கடி சொல்வாள்.

இந்த வழக்கு காலையில்தான் வந்தது. கொண்டு வந்தவள் ஜுஹைனா. தென்காசியில் அவளுடைய மைனி, அதாவது அண்ணன் மனைவி, பர்சானா வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்திகள் செய்து விற்கிறாள். பெயர் ‘மெழுகுப்பூ’. குற்றாலத்து ‘நாகா கிராண்ட்’ ஹோட்டலுக்கும் சித்திரையில் பாலடைப் பாயச வாசத்தில் ஒரு பெட்டி கொடுத்தாள். நேற்று சாயங்காலம் அந்த ஹோட்டலில், தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு மழையை ரசித்துக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ‘பக்’கென்று பந்தமாக எரிந்து ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டது. ஜோடி துண்டோடு வராந்தாவுக்கு ஓடியது. நல்லவேளையாக வேறு சேதமில்லை, மானத்தைத் தவிர.

ஹோட்டல் முதலாளி நாகராஜன் விடிந்ததும் எரிந்த குவளையோடு பர்சானா வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவே கூடியது. குவளையை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, “இது உன் சரக்கா இல்லியா, மோந்து பார்த்துச் சொல்லு” என்றார். இன்னொரு கையில் செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பர்சானா முகர்ந்தாள். “என்னோடதுதான்” என்றாள்.

முடிந்தது. இன்று சாயங்காலத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாக நாகராஜன் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீடியோ வளைகுடாவில், தம்மாமில் வேலை பார்க்கும் பர்சானாவின் கணவன் அஹ்சனுக்கும் போய்விட்டது. போலீஸ் என்று ஒரு வார்த்தை வந்தால் அடுப்பு, சட்டி, மெழுகு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு. பர்சானாவுக்கு இருந்தது அந்த ஒரு தொழில். அதற்கு இன்று பொழுது சாயும் வரைதான் ஆயுள்.

“எங்க மைனி அளந்து அளந்து ஊத்துற ஆளு,” என்று ஜுஹைனா சொல்லியிருந்தாள். “அவ கையில தீப்பிடிக்காது அக்கா. ஆனா அவளே ஒத்துக்கிட்டாளே, நான் என்னத்தச் சொல்ல?”

ஆட்டோவில் ஏறியதும் இராமலட்சுமி குவளையை எடுத்து அவனிடம் நீட்டினாள். “மூக்குக்கு வேலை. என்ன வாசம்?”

ஹுஸைஃபா குப்பையை மறந்து, கண்ணை மூடி முகர்ந்தான். சாம்பார் விலகியது. கரி விலகியது. அடியில் ஒன்று நின்றது.

“எலுமிச்சம்புல். சத்தியமா எலுமிச்சம்புல் தைலம். பாலடைப் பாயசத்துக்கும் இதுக்கும் ஜில்லாவே வேற.”

“நல்லா மோந்து பாரு.”

“அக்கா, இதுக்கு மேல மோந்தா எனக்குச் சளி குணமாயிரும்.”

“அப்ப அந்தப் பிள்ளை ஏன் ‘என்னோடது’ன்னு சொன்னா?”

ஹுஸைஃபா குவளையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனான்.

*

பர்சானாவின் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே ஹுஸைஃபாவின் மூக்கு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் வெனிலா, ஏலக்காய், ரோஜா. இன்னொரு பக்கம் தீய்ந்த பால்.

“பாலு அடி பிடிக்குதே,” என்றான்.

அடுப்படிக் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பர்சானா திடுக்கிட்டு எழுந்தாள். அதற்குள் மாடியிலிருந்து ஜுஹைனா தடதடவென்று இறங்கி ஓடி அடுப்பை அணைத்தாள்.

“ஏதோ யோசனையில இருந்துட்டேன்,” என்றாள் பர்சானா. முப்பது வயதிருக்கும். அழுது முடித்து முகம் கழுவிய சுத்தம் அவளிடம் இருந்தது.

உள் அறைதான் தொழிற்சாலை. தராசு, வெப்பமானி, மூக்கு வைத்த சட்டிகள், திரிகள். மேசையில் ஒரு தட்டில் இளஞ்சிவப்பில் சின்னச் சதுரங்கள். ஹுஸைஃபா உரிமையோடு ஒன்றை எடுத்து வாய் வரை கொண்டு போனான்.

“அண்ணே, அது பர்பி இல்ல,” என்றாள் பர்சானா. “வாக்ஸ் மெல்ட். திரியே கிடையாது. சின்ன விளக்கு மேல தட்டு இருக்கும், அதுல போட்டா உருகி வாசம் வரும்.”

“நான் பார்க்கத்தான் எடுத்தேன்.”

“வாயால பாக்குறது அவனுக்குப் பழக்கம்,” என்றாள் இராமலட்சுமி. “நீ சொல்லும்மா. எந்த எண்ணெயை எடுக்கலாம்னு எப்படி முடிவு பண்ணுத?”

தொழிலைப் பற்றிக் கேட்டதும் பர்சானாவின் குரலுக்கு முதுகெலும்பு வந்தது. “பாட்டிலைத் திறந்து மோந்து எடுத்தா ஏமாந்துருவோம் அக்கா. பாட்டில்ல மணக்குறது மெழுகுல செத்துப்போகும். காகிதக் கீற்றுல தொட்டு, காய விட்டுப் பார்க்கணும். அப்புறம் மெழுகுல கலந்து, ஆற வச்சு, மூடி ரெண்டு வாரம் தொடாம வைக்கணும். அதுக்கப்புறம் ஏத்திப் பார்த்தாத்தான் நிஜ வாசம்.”

பழுப்புப் புட்டி ஒன்றில் காகிதக் கீற்றை நனைத்து, விசிறி, ஹுஸைஃபாவிடம் நீட்டினாள். “நீங்க அத்தர் கடையில இருந்தவங்களாமே. இது எப்படின்னு சொல்லுங்க.”

அவன் முகர்ந்தான். வெட்டிவேர். வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “பிடிச்சிருக்கு.”

அடுத்த கீற்று. ரோஜா.

“இது பிடிக்கல. கடை ஞாபகம் வந்துட்டோ?”

ஹுஸைஃபா அசந்துபோனான். ரோஜா அத்தர் விற்காத மாதம் சம்பளத்தில் கை வைத்த முதலாளியை அவன் நினைத்தது அந்த நொடிதான். “மந்திரம் கிந்திரம் தெரியுமா உங்களுக்கு?”

பர்சானா லேசாகச் சிரித்தாள். இராமலட்சுமி சிரிக்கவில்லை. அவள் கீற்றைப் பார்க்கவில்லை, புட்டியைப் பார்க்கவில்லை. பர்சானாவின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எண்ணெய் கூடுதலா ஊத்தினா வாசம் தூக்கலா இருக்காதா?” என்று கேட்டாள்.

“மெழுகு குடிக்குற அளவுக்குத்தான் குடிக்கும் அக்கா. மிச்சம் மேல வந்து வேர்த்து நிக்கும். அதுல திரியைப் பத்த வச்சா பந்தம்தான். அதனாலதான் நான் தராசு இல்லாம ஒரு சொட்டு விடமாட்டேன். நேத்து அங்க எப்படி…” தராசை ஓரமாகத் தள்ளினாள். “டப்பா என்னோடது. லேபிள் என்னோடது. எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்.”

“நாகராஜனுக்குக் கொடுத்த அதே சட்டியில ஊத்தின பாலடை மிச்சம் இருக்கா?”

பர்சானா மர அலமாரியைத் திறந்தாள். இருட்டுக்குள் ஒரு வரிசை குவளைகள். ஒன்றை வெளியே எடுத்தாள். ஹுஸைஃபா எட்டிப் பார்த்தான். உள்ளே மெழுகு, நன்றாகக் கொதித்த டீயின் நிறத்தில் இருந்தது.

“என்னது, அழுக்குப் பிடிச்சிருக்கு?”

“எல்லாரும் இதைத்தான் கேக்காங்க அண்ணே. ஊத்தும்போது பால் மாதிரிதான் இருக்கும். வெனிலா சேர்ந்த எண்ணெய்ல்லா, நாள் போகப் போகப் பழுப்பாயிரும். வெயில்ல வச்சா சீக்கிரம், இருட்டுல வச்சா மெதுவா. ஆனா ஆகும். அழுக்குன்னு எத்தனை பேர் திருப்பி அனுப்பியிருக்காங்க. அதுக்காக வெனிலா இல்லாம பாலடை எங்க வரும்?”

இராமலட்சுமி அந்தப் பழுப்புக் குவளையை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். எழுந்திருக்கும்போது, ஏதோ மறந்ததைக் கேட்பதுபோல, “காலையில நாகராஜன் நீட்டினதை மோந்து பார்த்தியாம்மா?” என்றாள்.

“பார்த்தேன் அக்கா.”

“என்ன வாசம்?”

“பாலடைதான்.”

ஹுஸைஃபா வாயைத் திறந்தான். இராமலட்சுமியின் செருப்பு அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

*

“பொய் சொல்லுதா,” என்றான் ஆட்டோவில், பாதத்தைத் தடவிக்கொண்டே. “எனக்கு எலுமிச்சம்புல்லா மணக்குது, அவளுக்கு மட்டும் பாயசமா? யாரையோ காப்பாத்துதா அக்கா. அந்த ஜுஹைனாவத்தான் இருக்கும். நாத்தனாரே மைனியோட காலி டப்பாவையும் லேபிளையும் வெளிய வித்திருந்தா?”

“வித்தவ துப்பறியுற ஆளை வேலைக்குக் கூப்பிடுவாளா?”

“நம்மளைக் கூப்பிட்டா என்ன ஆபத்துன்னு நினைச்சிருப்பா.”

இராமலட்சுமி அதை ஒரு நல்ல வாதமாக ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டினாள். “மொதல்ல நாகராஜன். அப்புறம் அந்தப் பொய்.”

நாகா கிராண்ட் வரவேற்பறையில் சீசன் கூட்டம் ஈரத் தலையோடு நின்றது. தரை எலுமிச்சம்புல் தைலம் கலந்த தண்ணீரில் துடைக்கப்பட்டிருந்தது. சுவர், சோபா, சாவிக்கொத்து எல்லாம் அதே வாசம். மூலையில் ‘பாரம்பரிய ஆயில் மசாஜ்’ என்று ஒரு பலகை. அதன் கீழே எண்ணெய் டின்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஹுஸைஃபாவின் முகம் விழுந்தது. மூக்கின் சாட்சியம் போயிற்று. எந்தப் பொருளை எடுத்தாலும் இங்கே எலுமிச்சம்புல்தான் மணக்கும்.

நாகராஜன் அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், முகத்தில் பாதிக்கப்பட்டவரின் களை என்று முழு ஒப்பனையில் இருந்தார்.

“துப்பறிய வந்திருக்கீங்களாக்கும்,” என்றார். “துப்பே தேவையில்ல. அந்தப் பொம்பளையே மோந்து பார்த்து ஒத்துக்கிட்டா. இந்தா பாருங்க.” செல்போனை நீட்டி வீடியோவைப் போட்டார். பர்சானா குவளையை முகர்வதும், நிமிர்வதும், “என்னோடதுதான்” என்பதும் மறுபடி ஓடின.

“ரொம்பத் தெளிவா எடுத்திருக்கீங்க,” என்றாள் இராமலட்சுமி. “இவ்வளவு பத்திரமா வீடியோவை வச்சிருக்கிற ஆளு, எரிஞ்ச குவளையை மட்டும் ஏன் அண்ணாச்சி குப்பையில போட்டீங்க?”

“அதான் ஒத்துக்கிட்டாளே. பொருளு எதுக்கு?”

“அதுவும் சரிதான். எங்க ஆபீஸ்ல எல்லா முதலாளியும் இப்படித்தான் சொல்லுவாங்க. எரிஞ்சது போக மிச்சம் இருக்கா?”

“ஏன் இல்லாம? பெட்டியே இருக்கு. நான் என்ன, ஒளிக்கவா செய்தேன்?” உள்ளே கை காட்டினார். ஒரு பணியாள் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நாகராஜன் தானே அதைத் திறந்து, குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினார். ‘மெழுகுப்பூ – பாலடை’. ‘மெழுகுப்பூ – பாலடை’. “பாருங்க. அவ டப்பா, அவ லேபிள், அவ சரக்கு.”

“எல்லாமே சித்திரையில வாங்கினதா?”

“சித்திரையில ஒரே தடவைதான் வாங்கினேன்.”

“அதுக்கப்புறம் வாங்கவே இல்ல?”

“இல்லம்மா. ஒரே பெட்டி. அந்தப் பெட்டியிலருந்து எடுத்து வச்சதுதான் நேத்துப் பிடிச்சுது. எத்தனை தடவை கேப்பீங்க?”

“இன்னும் ஒரு தடவை கேக்கலாம்னு இருந்தேன். வேண்டாம், நீங்களே சொல்லிட்டீங்க.”

ஹுஸைஃபா வரிசையைப் பார்த்தான். குவளைக்குள் மெழுகு பளிச்சென்று இருந்தது. அண்ணாச்சியின் வேட்டியோடு போட்டி போடும் வெள்ளை. அவன் உதட்டோரம் தானாக விரிந்தது.

இராமலட்சுமி கைப்பையிலிருந்து பழுப்புக் குவளையை எடுத்து, அந்த வரிசையின் கடைசியில் வைத்தாள். கல்யாண வீட்டு முதல் பந்தியில் அழையாத விருந்தாளி உட்கார்ந்த மாதிரி அது உட்கார்ந்தது.

“என்னது இது, அழுக்கு?” என்றார் நாகராஜன்.

“சித்திரையில உங்களுக்கு ஊத்தின அதே சட்டியில ஊத்தினது. அலமாரிக்குள்ள, இருட்டுல இருந்துச்சு. வெனிலா சேர்ந்த மெழுகு அண்ணாச்சி. நாள் ஆக ஆக இப்படிப் பழுத்துரும். உங்களோடது பெட்டிக்குள்ளயே இருந்தாலும் இந்த அளவுக்காவது பழுத்திருக்கணும். இது ஆடி மாசம். உங்க பாலடை மட்டும் எப்படி இன்னிக்குக் காலையில கறந்த மாதிரி இருக்கு?”

நாகராஜன் குவளைகளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வாசலில் ஈரத் தலைகள் ஆர்வமாக இவரைப் பார்த்தன.

“ஏசி ரூம்ல… ஏசியில வச்சிருந்தோம்.”

“ஏசி வெள்ளையடிக்குமா?” என்றான் ஹுஸைஃபா. “எங்க வீட்டுச் செவுத்துக்கு ஒண்ணு வாங்கி மாட்டணும்.”

இராமலட்சுமி ஒரு வெள்ளைக் குவளையில் விரலை வைத்து மெல்ல இழுத்தாள். விரல் நுனி பளபளத்தது. அதை அண்ணாச்சியின் சட்டைக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள். அவர் பின்வாங்கினார்.

“வேர்த்திருக்கு. மெழுகு குடிச்சு முடிச்ச பிறகும் ஊத்தியிருக்கீங்க. குற்றாலத்துல எண்ணெய்ன்னா எப்படி? உச்சந்தலையில வச்சா உள்ளங்கால்ல சொட்டணும். கஞ்சத்தனமா தேய்ச்சா கஸ்டமர் திட்டுவான். அந்தக் கையோடதான் மெழுகுலயும் ஊத்தினீங்க. ஆளு தலையில வழிஞ்சா அருவியில கழுவிக்கிடலாம். மெழுகு எங்க போயி அண்ணாச்சி குளிக்கும்? மேல நின்ன எண்ணெயில தீ பிடிச்சு, பாவம் புதுசாக் கல்யாணம் ஆனவங்க துண்டோட ஓடினாங்க.”

ஹுஸைஃபா மசாஜ் டின்களின் பக்கம் நடந்து, ஒன்றைத் திறந்து முகர்ந்தான். “எலுமிச்சம்புல். முதல் தரம். நாங்க துபாய் தேராவுல இதையே நாலு மடங்கு விலைக்கு வித்திருப்போம்.”

நாகராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதிக்கப்பட்டவரின் களை வடிந்து, வியாபாரியின் முகம் வெளியே வந்தது.

“கேளுங்கம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “பெட்டி வந்த கொஞ்ச நாள்லயே பழுப்படிக்க ஆரம்பிச்சுட்டு. அழுக்கா இருக்குன்னு கெஸ்ட் சொல்லுதான். சட்டுன்னு எல்லாத்தையும் எரிச்சுத் தீர்த்தேன். காலிக் குவளை நல்லா இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல. மெழுகு வாங்கினோம், உருக்கினோம், கையில இருந்த தைலத்தை விட்டோம். வாசம்னா வாசம்தானே? வெள்ளையா, சுத்தமா…” தன்னையறியாமல் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “அவளோடதை விட நம்ம சரக்குதான் பார்வைக்கு எடுப்பு.”

“ரொம்ப எடுப்பு. திரைச்சீலையையே எடுத்துட்டு.”

“ஆனா ஒண்ணு,” அண்ணாச்சி திடீரென்று நிமிர்ந்தார். கடைசிச் சீட்டு கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது. “இவ்வளவும் நான் பண்ணினேன்னே வைங்க. அவ ஏன் மோந்து பார்த்துட்டுத் தன்னோடதுன்னா? வாசத்துலயே தொழில் பண்ணுதவ. தைலத்துக்கும் வெனிலாவுக்கும் வித்தியாசம் தெரியாதவளா? போலீஸ்ல இந்த வீடியோவைப் போட்டா நீங்க சொல்லுத நிறம், வேர்வை எல்லாம் எடுபடுமா?”

காலையிலிருந்து ஹுஸைஃபாவைக் குடைந்துகொண்டிருந்த அதே கேள்வி. இராமலட்சுமியைப் பார்த்தான்.

அவள் செல்போனை வாங்கி, வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். பர்சானா முகர்ந்து நிமிரும் இடத்தில் நிறுத்தினாள்.

“வாசத்தைப் பார்த்துச் சொல்லல அண்ணாச்சி,” என்றாள். “உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருக்கா. தெருவே திரண்டு நிக்குது, நீங்க நேர்ல வந்து கத்துதீங்க. உங்க மூஞ்சியில அவ்வளவு நிச்சயம் இருந்திருக்கு. எந்தப் பிள்ளையும் ஆமான்னுதான் சொல்லும். போலீஸ்ல போடுங்க. கூடவே இந்தப் பெட்டியையும் கொண்டாங்க, நான் எரிஞ்ச குவளையைக் கொண்டாரேன். அடுத்தவங்க லேபிள்ல சரக்கு ஊத்தி ரூமைக் கொளுத்தினதுக்கு என்ன பேருன்னு அவங்க சொல்லுவாங்க.”

வரவேற்பறையில் ஓர் ஈரத் தலை, “அப்ப நம்ம ரூம்ல வச்சிருக்கிறதும் இதுதானா?” என்று சத்தமாகவே கேட்டது.

அந்தக் கேள்விதான் அண்ணாச்சியை முடித்தது. அங்கேயே, ஸ்பீக்கரில், பர்சானாவுக்குப் போன் போட்டார். தவறு தன்னுடையது, புகார் கிடையாது, இதைத் தம்மாமுக்கும் தானே பேசிச் சொல்லிவிடுகிறேன் என்றார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“அந்த வீடியோவை அழிங்க,” என்றாள் இராமலட்சுமி.

“அதான் சமாதானம் ஆயாச்சே.”

“என் கண் முன்னால அழிங்க. யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ அவங்களையும் அழிக்கச் சொல்லுங்க.”

அதைச் சொன்ன குரலில் கிண்டல் ஒரு துளியும் இல்லை. ஹுஸைஃபா திரும்பிப் பார்த்தான். அவளோடு வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. புறப்படும்போது அவள் மசாஜ் மூலையில் நின்று, தைலத்தில் கைக்குட்டை நுனியை நனைத்துக்கொண்டதையும் பார்த்தான். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

*

“வழக்கு முடிஞ்சுட்டுல்லா, இப்ப எதுக்கு மறுபடி தென்காசி?” என்றான் ஆட்டோவில்.

“பாதிதான் முடிஞ்சிருக்கு. அங்கன போனதும் ஒரு காரியம் செய்யணும். உன் கையில எதைக் கொடுத்தாலும் மோந்து பாரு. ஆனா மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்க. கண்ணை மூடக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது, பேசவே கூடாது.”

“பேசவே கூடாதா? நீங்க மறுபடி குப்பைத் தொட்டிக்கே அனுப்பலாம் அக்கா.”

பர்சானா வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள். நிஜப் பாயசம். ஜுஹைனா முந்திரி வாங்கக் கடைக்கு ஓடினாள். பர்சானா இராமலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, உள் அறைக்கு அழைத்துப் போனாள். அஹ்சன் போனில் மன்னிப்புக் கேட்டாராம். அடுத்த சீசனுக்குப் புது வாசம் ஒன்று போடச் சொன்னாராம்.

“அதுக்கு முந்தி ஒரு சின்ன வேலை இருக்கும்மா,” என்றாள் இராமலட்சுமி. மேசையிலிருந்து இரண்டு காகிதக் கீற்றுகளை எடுத்தாள். ஒன்றைப் பாலடைப் புட்டியில் தொட்டாள். இன்னொன்றைத் தன் கைக்குட்டையின் நுனியில் அழுத்தினாள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மாற்றி, முன்னால் நீட்டினாள். “இதுல எது உன்னோடது?”

அறை முழுக்க எலுமிச்சம்புல் ஏறியது. ஹுஸைஃபாவுக்குத் தலை சுற்றியது. சளி பிடித்த குழந்தை கூடச் சொல்லிவிடும்.

பர்சானா முதல் கீற்றை முகர்ந்தாள். இரண்டாவதை முகர்ந்தாள். பிறகு இரண்டையும் அவனிடம் நீட்டினாள். “அண்ணே, நீங்க பாருங்களேன்.”

அவன் முகர்ந்தான். இடது கை பாலடை, வலது கை தைலம். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான்.

அவள் கண்கள் அவன் முகத்தின் மேல் வந்து நின்றன. கண் இமையைத் தேடின. உதட்டைத் தேடின. நெற்றியைத் தேடின. ஒன்றும் கிடைக்காமல் மறுபடி முதலிலிருந்து தேடின. வெட்டிவேரும் ரோஜாவும் அவனுக்கு அப்போதுதான் புரிந்தன. அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளும், தீய்ந்த பாலும்.

“ஏதாவது சொல்லுங்க அண்ணே,” என்றாள்.

அவனால் முடியவில்லை. கல் உடைந்துவிட்டது. அவள் அதையும் பார்த்துவிட்டாள். கீற்றுகளை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

இராமலட்சுமி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஊர் கூடி நிக்கும்போது ‘என்னோடது இல்ல’ன்னு சொல்லித் தப்பாப் போயிட்டா, இது வெளிய வந்துரும்னு பயந்திருக்க. தீ வச்சவளுன்னு பேரு வாங்கினாலும் பரவால்லன்னு நினைச்சிருக்க. அந்த வீடியோ இப்ப அங்கன இல்ல. இவன் வாயைப் பத்திக் கவலைப்படாத. இதுக்கு மட்டும் திறக்க மாட்டான்.”

ஹுஸைஃபா தலையாட்டினான்.

“எப்பலருந்தும்மா?”

பர்சானா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஜுஹைனா இன்னும் வரவில்லை.

“கொரோனா ரெண்டாவது அலையில எனக்குக் காய்ச்சல் வந்துச்சு அக்கா,” என்றாள். “காய்ச்சல் போயிட்டு. வாசம் இன்னும் திரும்பி வரல.”